மராமத்து நடக்கும் கப்பலில் மாட்டிக்கொண்டால்

2018 மார்ச்சில் மயாமியிலிருந்து பனாமா கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சலஸ் போகும் 16 நாள் பயணத்துக்கு நார்வீஜியன் சன் கப்பலில் ஏறியவர்கள், நடுக்கடலில் ஒரு கட்டுமான வேலைக்கு நடுவே இருப்பதைக் கண்டார்கள். மேல்தளங்களில் கணிசமான பகுதி மறிக்கப்பட்டிருந்தது. தரையைச் சுரண்டும் ஓசை, இரும்பு தேய்க்கும் தூசி, பெயின்ட் வாடை என்று அவர்கள் அடுக்கிய புகார்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகள் வரை போயின. நிறுவனம் முதலில் நீட்டிய சமாதானம், கட்டணத்தில் 25 சதவீதத்தை அடுத்த பயணத்துக்கு வரவு வைப்பது. இந்தப் பயணமே இப்படி இருக்கையில் அடுத்ததா என்று பலர் கொதித்துப்போனார்கள்.

இது புதிதல்ல. 1994 டிசம்பரில் கியூனார்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற குயீன் எலிசபெத் 2, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்த பெரிய சீரமைப்பு முடியாத நிலையிலேயே சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கிறிஸ்துமஸ் பயணம் கிளம்பியது. அறைகள் தயாராகாததால் சில நூறு பேரைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். ஏறியவர்களோ குழாய் வேலை செய்யாத குளியலறைகளோடும், அட்லாண்டிக் நெடுக வேலை பார்த்த தொழிலாளர்களோடும் பயணம் செய்தார்கள். நியூயார்க்கில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டிக் கப்பலை நிறுத்தி வைத்தது. பிறகு நிறுவனம் பெரும் தொகையை இழப்பீடாகத் தர நேர்ந்தது.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். புயல் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. எந்திரக் கோளாறும் அப்படித்தான். மராமத்து மட்டும் ஒருநாளும் திடீரென்று வருவதில்லை. கம்பளம் மாதக்கணக்கில் முன்பே ஆர்டர் செய்யப்பட்டிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு விசா எடுக்கப்பட்டிருக்கும், அவர்கள் தங்க அறைகள் ஒதுக்கப்பட்டிருக்கும். முகூர்த்த நாளன்று மண்டபத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டே, சுவர் அழுக்கானதை இன்றுதான் பார்த்தேன் என்று மண்டபக்காரர் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆகவே, பயணி கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘ஏன் மூடியிருக்கிறது?’ என்பதல்ல. ‘இந்தத் தேதியில் மூடியிருக்கும் என்பது உங்களுக்கு எப்போது தெரியும்?’ என்பதுதான். முதல் கேள்விக்கு மன்னிப்புதான் பதிலாக வரும். இரண்டாவதற்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

ஓடும்போதே ஏன் வேலை செய்கிறார்கள்

பயணிகள் கப்பல்கள் சோலாஸ் என்னும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டவை. அதன்படி கப்பலின் அடிப்பகுதி ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். பொதுவாக ஐந்து ஆண்டுகளில் இருமுறையாவது கப்பலை டிரை டாக்கில் ஏற்றி, நீரை வடித்து, அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 36 மாதங்களுக்கு மேல் போகக்கூடாது. இவ்வளவு பெரிய கப்பலை ஏற்றக்கூடிய துறைகள் உலகில் அதிகம் இல்லை: பஹாமாஸின் ஃப்ரீபோர்ட், ஸ்பெயினின் காடிஸ், பிரான்ஸின் மார்செய், சிங்கப்பூரின் செம்பவாங் போன்று சில. 2019 ஏப்ரல் 1 அன்று ஃப்ரீபோர்ட்டில் ஒரு கிரேன் ‘ஓயாசிஸ் ஆஃப் த சீஸ்’ மீது சரிந்தபோது, அந்தக் கப்பல் பழுது பார்க்க அட்லாண்டிக்கைத் தாண்டிக் காடிஸுக்குப் போக வேண்டியிருந்தது. துறையில் இடம் பிடிப்பது அவ்வளவு அரிது. அதனால்தான் வெகுகாலம் முன்பே பதிவு செய்து வைக்கிறார்கள்.

டிரை டாக்கில் கப்பல் இருப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம். அந்த நாட்களில் கடலில் செய்யவே முடியாத வேலைகளுக்குத்தான் முன்னுரிமை: அடிப்பகுதிக்குப் பூச்சு, உந்துவிசிறி, கப்பல் ஆடாமல் காக்கும் துடுப்புகள், கடல்நீர் வால்வுகள். கம்பளம், அறைக் கட்டில், உணவகத் தரை, நீச்சல் குளத்தைச் சுற்றிய தளப்பூச்சு எல்லாம் பின்வரிசை. அவை முன்னும் பின்னும் வழிந்து பயணிகளின் நாட்களுக்குள் வந்துவிடுகின்றன. இதோடு பணக் கணக்கும் சேர்கிறது. துறையில் நிற்கும் கப்பலுக்கு வருமானம் ஒரு காசு கிடையாது; ஊழியர் சம்பளமும் சாப்பாடும் நிற்காது. ஒரு வாரத்தைத் துறையில் குறைத்து அந்த வேலையைப் பயணத்தின்போதே முடித்துவிட்டால், நிறுவனத்துக்கு அது முழு லாபம். கப்பல்காரர்கள் ‘ரைடிங் ஸ்க்வாட்’ என்று அழைக்கும் ஒப்பந்தக் குழு துறைமுகத்தில் ஏறி, பயணிகளோடு பயணமாகவே வேலையைப் பார்த்துவிட்டு இன்னொரு துறைமுகத்தில் இறங்கும். இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. டிக்கெட் விற்கும்போது அதைச் சொல்லாமல் விடுவதுதான் தகராறு.

துறையிலிருந்து வெளியே வந்த பிறகும் தொல்லை ஓயாது. கார்னிவல் நிறுவனம் ‘கார்னிவல் டெஸ்டினி’யை 15.5 கோடி டாலர் செலவில் இத்தாலியில் மாற்றியமைத்து 2013இல் ‘கார்னிவல் சன்ஷைன்’ என்று பெயர் மாற்றியபோது, வேலை இழுத்துக்கொண்டே போய், முதல் இரண்டு பயணங்களை ரத்து செய்ய நேர்ந்தது. பெரிய சீரமைப்புக்குப் பிறகு வரும் முதல் பயணத்துக்குப் பளபளப்பான புதுக் கப்பல் என்ற ஆசையில் பதிவு செய்பவர்கள் பலர். என் யோசனை, அந்தப் புதுமையை மூன்றாவது பயணத்தில் அனுபவியுங்கள் என்பது.

மராமத்து அல்லாத மூடல்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கடல் கொந்தளித்தால் குளத்தின் நீரை இறக்கி வலை போடுவார்கள். துறைமுகத்தில் நிற்கும்போது கடைகளும் சூதாட்டக் கூடமும் மூடியிருக்கும். உயிர்காப்புப் படகுகளைச் சோதிக்கும் காலை நேரத்தில் நடைதளத்தில் கயிறு கட்டுவார்கள். வாந்தி பேதி பரவினால் பஃபேயில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்வதை நிறுத்தி, ஊழியர்களே பரிமாறுவார்கள். இவை புகாருக்குரியவை அல்ல. இவற்றையும் பட்டியலில் சேர்த்தால், நியாயமான புகாரின் பலம்தான் குறையும்.

பதிவுக்கு முன்

எந்தக் கப்பல் எப்போது துறைக்குப் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க ரகசியத் தகவல் எதுவும் வேண்டாம். நிறுவனத்தின் பதிவுப் பக்கத்தில் அந்தக் கப்பலை மட்டும் தேர்ந்தெடுத்து, உங்கள் தேதிக்கு முன்னும் பின்னும் சில மாதங்களுக்கான பயணங்களை வரிசையாகப் பாருங்கள். ஒரு பயணம் முடியும் நாளே அடுத்தது தொடங்குவதுதான் வழக்கம். நடுவில் இரண்டு, மூன்று வாரம் வெற்றாக இருந்தால் அது அநேகமாக டிரை டாக். ஒரு வாரம் மட்டும் வெற்றாக இருந்தால், யாரோ கப்பலை மொத்தமாக வாடகைக்கு எடுத்திருக்கலாம். அந்த இடைவெளிக்கு முந்தைய மூன்று, நான்கு வாரங்களையும் பிந்தைய இரண்டு பயணங்களையும் தவிர்ப்பது என் வழக்கம். முந்தைய வாரங்களில் சரக்கு ஏற்றுவது, பழைய கம்பளத்தைப் பிடுங்குவது, அறைகளைத் தொகுதி தொகுதியாக மூடுவது ஆகியவை நடக்கும். பிந்தைய வாரங்களில் விட்டுப்போன வேலைகள்.

இன்னும் ஒரு வகைப் பயணத்தில் எச்சரிக்கை தேவை. ஏப்ரல், மே மாதங்களில் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்கோ அலாஸ்காவுக்கோ கப்பல்கள் இடம் மாறும்; அக்டோபர், நவம்பரில் திரும்பும். இந்த இடமாற்றப் பயணங்கள் நாள் கணக்கில் பார்த்தால் மலிவு. கரை தொடாத கடல் நாட்கள் அதிகம், குழந்தைகள் குறைவு. ஒப்பந்தக் குழுக்களுக்கு இதைவிட வசதியான பயணம் அமையாது. நார்வீஜியன் சன் பயணமும் கரீபியன் பக்கத்திலிருந்து பசிபிக் பக்கத்துக்குப் போன நீண்ட பயணம்தான். பணி ஓய்வு பெற்றவர்கள், ‘இத்தனை நாளுக்கு இவ்வளவுதானா!’ என்று இதில் விழுவதைப் பார்க்கிறேன். விழலாம், தப்பில்லை. ஆனால் அந்தத் தள்ளுபடி எதற்கு என்று ஒருமுறை கேட்டுவிட்டு விழுங்கள்.

கப்பலின் வயதையும் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிய கப்பல் என்றால் பெரிய சீரமைப்பு ஒன்று முடிந்திருக்கும் அல்லது வரப்போகிறது. இரண்டில் எது என்று தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

எழுத்தில் கேளுங்கள்

உங்களிடம் பேரம் பேசும் பலம் இருக்கும் காலம் மிகக் குறுகியது. முன்பணம் கட்டிய நாளிலிருந்து முழுத் தொகை கட்டும் நாள் வரைதான். பெரும்பாலான நிறுவனங்களில் அந்தக் கடைசி நாள் புறப்பாட்டுக்கு 75 முதல் 120 நாட்களுக்கு முன் வரும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் கழிவு ஏறிக்கொண்டே போகும். கடைசி இரு வாரத்தில் ஒன்றும் திரும்பாது. எனவே முழுத் தொகை கட்டுவதற்குப் பத்து நாள் முன்னதாக முகவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் அனுப்புவீர்கள், விஷயம் இதுவாக இருக்கட்டும்:

“எங்கள் பதிவு எண் இது. எங்கள் பயணத் தேதிகளில் இந்தக் கப்பலில் சீரமைப்பு, பராமரிப்பு, கட்டுமான வேலை ஏதாவது திட்டமிடப்பட்டுள்ளதா? நீச்சல் குளங்கள், குழந்தைகள் பகுதி, ஸ்பா, உணவகங்கள், லிஃப்டுகள் ஆகியவற்றில் எதுவாவது மூடப்படுமா? இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் குழந்தைகளுக்கான குளம். முழுத் தொகையை இன்ன தேதிக்குள் கட்ட வேண்டியிருப்பதால், அதற்கு முன் கப்பல் நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பதில் தரவும்.”

கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள். உங்களுக்கு எது இன்றியமையாதது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறீர்கள். முட்டிவலி உள்ள அம்மாவை அழைத்துப் போகிறவருக்கு அது லிஃப்டாக இருக்கும். ஜைன, சைவச் சாப்பாட்டை நம்பிப் போகும் குழுவுக்கு அதைச் சமைக்கும் உணவகமாக இருக்கும். பின்னால் தகராறு வந்தால், ‘குளம் ஒரு சின்ன வசதிதானே’ என்று அவர்கள் சொல்ல முடியாது.

பதில் பெரும்பாலும் தொலைபேசியில் வரும். “அதெல்லாம் ஒண்ணும் இருக்காது சார், நிம்மதியாப் போயிட்டு வாங்க.” சொன்னவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அன்றே ஒரு வரி அனுப்புங்கள்: “இன்று மதியம் நீங்கள் தொலைபேசியில் கூறியபடி எங்கள் பயணத்தில் எந்த வேலையும் இல்லை, எந்த வசதியும் மூடப்படாது என்ற உறுதியின் பேரில் முழுத் தொகையைக் கட்டுகிறோம்.” மறுப்பு வராவிட்டால் அதுவே உங்கள் ஆவணம். வாட்ஸாப்பில் அனுப்பினாலும் சரிதான். அந்த உரையாடலைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போன் மாற்றும்போது காணாமல் போவது இதுதான்.

டிக்கெட்டின் சின்ன எழுத்து

நிறுவனங்களின் பயண ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தால் ஒன்று விளங்கும். அவர்கள் உறுதியாகத் தருவது ஒரு படுக்கை, உணவு, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பயணம். துறைமுகங்களை மாற்றும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். வசதிகள் ‘கிடைப்பதைப் பொறுத்து’ என்பார்கள். வழக்குப் போட வேண்டுமானால் அவர்கள் சொல்லும் ஊரில்தான் போட வேண்டும் என்றும் இருக்கும். கார்னிவல் எதிர் ஷூட் வழக்கில் 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, டிக்கெட்டில் அச்சிட்ட அந்த ஊர் நிபந்தனை செல்லும் என்று சொல்லிவிட்டது. நாட்டின் மறுகோடியான வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஃபுளோரிடாவுக்குப் போக வேண்டியிருந்தது.

‘பயணிகள் உரிமைப் பட்டியல்’ என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள் சிலர். 2013 பிப்ரவரியில் கார்னிவல் ட்ரையம்ஃப் கப்பலின் எந்திர அறையில் தீப்பிடித்து, மின்சாரமும் கழிப்பறையும் இல்லாமல் பயணிகள் நாட்கணக்கில் கடலில் தவித்தார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு, அதே ஆண்டு மே மாதம் கப்பல் நிறுவனங்களின் சங்கமே வெளியிட்டது அது. உணவு, நீர், கழிப்பறை, மருத்துவம் ஆகியவை தர முடியாதபோது துறைமுகத்தில் நிற்கும் கப்பலிலிருந்து இறங்கும் உரிமை, எந்திரக் கோளாறால் ரத்தான பயணத்துக்கு முழுப் பணம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மூடிய குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் வாதாடிப் பயனில்லை.

கப்பலில் ஏறிய பிறகு

ஏறியவுடன் பஃபேக்குப் போகாதீர்கள். பெட்டி அறைக்கு வருவதற்குள் மேல்தளங்களை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கயிறு, தடுப்புப் பலகை, மூடிய கதவு, தூசித் திரை எதைக் கண்டாலும் படம் எடுங்கள். அறையில் கட்டில் மீதோ மேசையிலோ ஒரு கடிதம் காத்திருக்கலாம்: “அன்புள்ள விருந்தினரே, உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு…” என்று தொடங்கும். எரிச்சலில் அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். நீங்கள் ஏறுவதற்கு முன்பே அச்சடித்து, உறையில் போட்டு, அறை அறையாக வைக்கப்பட்ட கடிதம் அது. நிறுவனத்துக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி அவர்களே தர முடியாது. தேதியோடு படம் எடுத்து, மூலத்தைப் பெட்டியில் வையுங்கள்.

அன்றிலிருந்து ஒரு சிறு நோட்டில் குறிப்பு எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்தத் தளம், எது மூடியிருந்தது, என்ன ஓசை, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். அறைக்குள்ளிருந்து ஓசையைப் பதிவு செய்யும்போது கைக்கடிகாரத்தையோ அன்றைய நிகழ்ச்சித் தாளையோ படத்தில் காட்டுங்கள். தினமும் அறைக்கு வரும் அந்த நிகழ்ச்சித் தாள்களையும் சேர்த்து வையுங்கள். ஸ்பா திறந்திருக்கிறது என்று தாள் சொல்லி, கதவு பூட்டியிருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். எல்லாம் செயலியில்தான் என்றால் திரையைப் படமெடுங்கள்.

புகாரை கெஸ்ட் சர்வீசஸ் கவுன்டரில் வாயால் சொல்லி முடித்துவிடாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதி, ‘பெற்றுக்கொண்டோம்’ என்று நகலில் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் யார், எப்போது மறுத்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு அங்கே வரிசை நீளமாக இருக்கும். இரவு நாடகம் நடக்கும் நேரத்தில் காலியாக இருக்கும், பேசுபவருக்கும் பொறுமை இருக்கும். வசதிகள், இழப்பீடு விஷயத்தில் முடிவெடுப்பவர் ஹோட்டல் டைரக்டர், கேப்டன் அல்ல. அவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். போகும்போது ‘இது அநியாயம்’ என்று மட்டும் சொல்லாமல், உங்களுக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: வேலை நடக்கும் தளத்திலிருந்து தள்ளி வேறு அறை, பெரியவர்களுக்கான குளத்தில் குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரம், ஸ்பாவின் வெந்நீர்ப் பகுதிக்குக் கட்டணமில்லா அனுமதி. இவை அவருக்குச் செலவில்லாதவை, உடனே ஆமென்று சொல்லக்கூடியவை. கரைக்கு வந்த பிறகு இவற்றில் எதுவும் கிடைக்காது.

இரண்டு விஷயம் மட்டும் இழப்பீட்டுக் கணக்கில் வராது, உடனே சொல்ல வேண்டியவை. ஒன்று, வாடை. தளப்பூச்சு, பசை, பெயின்ட் ஆகியவற்றின் ஆவி ஆஸ்துமா உள்ளவர்களை இரவோடு இரவாகப் படுக்கையில் தள்ளிவிடும். மருத்துவ மையத்துக்குப் போய்ப் பதிவு செய்து, அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மற்றது, அவசர வழி. சரக்குப் பெட்டியோ கம்பளச் சுருளோ வெளியேறும் கதவை மறித்துக் கிடந்தால் அது அசௌகரியம் அல்ல, ஆபத்து. வெல்டிங் போன்ற நெருப்பு வேலை பக்கத்தில் நடந்தால் இன்னும் மோசம். கண்ட நிமிடமே ஏதாவது ஓர் அதிகாரியிடம் சொல்லுங்கள். கப்பலில் இதைக் காதில் வாங்காத அதிகாரி அரிது.

கோபத்தில் பலர் செய்வது தினசரி டிப்ஸ் தொகையை நீக்கச் சொல்வது. அதைச் செய்யாதீர்கள். உங்கள் அறையைத் துடைக்கும் பிலிப்பைன்ஸ்காரரோ இந்தோனேசியரோ நம்மூர்ப் பையனோ இந்த வேலைக்குத் தேதி குறிக்கவில்லை. நீங்கள் ஒரு வாரம் சுவாசிக்கும் தூசியை அவர் ஒப்பந்தம் முடியும் வரை மாதக்கணக்கில் சுவாசிக்கிறார். வரவேற்புக் கூடத்தில் கூட்டம் சேர்த்துக் கோஷம் போடுவதும் வேண்டாம். ஒழுங்கைக் குலைப்பவரை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட கேப்டனுக்கு அதிகாரம் உண்டு. மற்றப் பயணிகளோடு ஒரு வாட்ஸாப் குழு வைத்துக்கொள்ளுங்கள், படங்களைப் பகிருங்கள். ஆனால் புகாரை ஒவ்வொரு பதிவு எண்ணுக்கும் தனித்தனியே கொடுங்கள்.

‘போதும், இறங்கிவிடுகிறேன்’ என்று தோன்றலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அதற்கு முன் இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும். பயணிகள் சில மணி நேரம் கரையிறங்க அனுமதிக்கும் ஏற்பாடு, அந்த நாட்டில் தங்கி விமானம் ஏற அனுமதிப்பதாகாது. தனி விசா தேவைப்படலாம். இரண்டாவது, நீங்களாக இறங்கினால் மீதிப் பயணத்துக்குப் பணம் கேட்கும் உரிமையை நிறுவனம் மறுக்கும். எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் பெட்டியைத் தூக்காதீர்கள்.

எதைத் தருவார்கள்

கப்பலில் முதலில் நீட்டப்படுவது ஆன்போர்டு கிரெடிட். அதைக் கப்பலுக்குள்ளேயே செலவழிக்க வேண்டும், மிச்சம் பெரும்பாலும் காலாவதி. அடுத்தது ஃப்யூச்சர் க்ரூஸ் கிரெடிட், அதாவது அடுத்த பயணத்துக்கான வரவு. இதன் சதவீதம் கேட்கப் பெரிதாக இருக்கும், கணக்குப் போட்டால் சுருங்கும். நீங்கள் கட்டியது 1,50,000 ரூபாய், அதில் துறைமுகக் கட்டணமும் வரியும் 30,000 என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதம் என்பது மிச்சமான 1,20,000க்குத்தான். கையில் வருவது 30,000. அதை வாங்க இன்னொரு பயணத்துக்கு லட்சத்துக்கு மேல் நீங்கள் செலவழிக்க வேண்டும். எவ்வளவு நாளைக்குச் செல்லும், வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா, மற்றச் சலுகைகளோடு சேருமா என்று மூன்றையும் கேளுங்கள். மீண்டும் அதே நிறுவனத்தில் போகும் எண்ணமே இல்லாதவருக்கு இதன் மதிப்பு பூஜ்யம். அவர் சிறிய தொகையானாலும் பணமாகக் கேட்பது நல்லது.

எதை வாங்கினாலும், ‘முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்’ என்ற வரி உள்ள காகிதத்தில் கப்பலிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். வரவை ஏற்றுக்கொண்டு, மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எவ்வளவு கேட்பது? முழுப் பணமும் கேட்பவர்களை நிறுவனம் சுலபமாகக் கையாளும். படுத்தீர்கள், சாப்பிட்டீர்கள், நாலு துறைமுகம் பார்த்தீர்கள் என்று பட்டியல் போட்டுக் கடிதத்தை மூடிவிடும். ஏழு நாளில் ஐந்து நாள் குளம் இல்லை, மூன்று நாள் காலை ஏழு மணி முதல் தரை சுரண்டும் ஓசையில் அறையில் இருக்க முடியவில்லை என்றால், அந்த நாட்களின் கட்டணத்தில் ஒரு பங்கை நாள்வாரியாகக் கணக்குப் போட்டுக் கேளுங்கள். அதோடு ஏமாற்றத்துக்கும் மன உளைச்சலுக்கும் தனியே ஒரு தொகை. இது பேராசை அல்ல. 1972இல் இங்கிலாந்தின் ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ் வழக்கில், 63 பவுண்டு சொச்சம் கட்டிச் சுவிட்சர்லாந்துக்கு விடுமுறை போய் ஏமாந்தவருக்கு நீதிமன்றம் 125 பவுண்டு கொடுத்தது, வாக்களித்த மகிழ்ச்சி கிடைக்காததும் நஷ்டம்தான் என்று. ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 2020இல் சீனிக் டூர்ஸ் வழக்கில் அதே திசையில் தீர்ப்பளித்தது. 2013 ஐரோப்பிய வெள்ளத்தில் நதிக்கப்பல் பயணம் பெரும்பாலும் பேருந்துப் பயணமாகிப்போன பயணியின் வழக்கு அது.

ஊர் திரும்பிய பிறகு

பயணக் காப்பீட்டை நம்ப வேண்டாம். மூடிய குளம் பெரும்பாலான பாலிசிகளில் வராது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், ‘விற்றபடி சேவை தரவில்லை’ என்று வங்கியிடம் தாமதிக்காமல் ஆட்சேபம் எழுப்பலாம். பிரிட்டனில் கட்டியவருக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு இன்னும் பலமானது: விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால் விற்றவரோடு வங்கியும் பொறுப்பு. அங்கும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கப்பல் பயணம் தொகுப்புச் சுற்றுலாச் சட்டத்துக்குள் வருவதால், முக்கிய அம்சத்தைப் பெரிதாக மாற்றினால் புறப்படும் முன்பே சொல்லி, ரத்து செய்யும் வாய்ப்புத் தர வேண்டும். வாக்களித்தபடி இல்லாவிட்டால் விலையைக் குறைக்க வேண்டும். லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் நம் உறவினர்கள் அங்கேயே வாங்குவதில் இந்த லாபம் உண்டு.

சிங்கப்பூரில் வாங்கியவருக்குச் சிறு உரிமைகோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள் போகலாம். வக்கீல் வைக்க அனுமதி கிடையாது, அது நமக்கு நல்லதுதான்.

சென்னையிலோ மதுரையிலோ வாங்கியவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இதில் ‘சேவைக் குறைபாடு’ என்பதற்குள், தெரிந்த தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொன்ன ‘எப்போது தெரியும்?’ என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடம் அங்கேதான். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. டிக்கெட்டில் மயாமி என்றோ வேறெந்த ஊர் என்றோ இருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தை மட்டும் எதிர்த்தரப்பாகக் காட்டினால் அறிவிப்பு போய்ச் சேரவே காலம் ஓடிவிடும். உங்களிடம் பணம் வாங்கிய உள்ளூர் முகவரையும் சேருங்கள். அவருக்கு நீங்கள் அனுப்பிய அந்த மின்னஞ்சலுக்கு இப்போதுதான் வேலை.

மனுவுக்கு முன் நிறுவனத்துக்கும் முகவருக்கும் ஒரு நோட்டீஸ், பதிலுக்கு 30 நாள் அவகாசம். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், பல முகவர்கள் அந்தக் கட்டத்திலேயே சமரசம் பேச வருவார்கள். நோட்டீஸ் இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது: பதிவு விவரம், கேட்ட கேள்வியும் கிடைத்த உறுதியும், நாள்வாரியாக மூடியிருந்தவை, கப்பலில் செய்த புகார், கேட்கும் தொகையும் அதன் கணக்கும். இறுதியில் தனிப் பத்தியாக, ‘எங்கள் பயணத் தேதிகளில் இந்த வேலை நடக்கும் என்று முடிவான தேதி எது, அதை முகவருக்குத் தெரிவித்த தேதி எது, எங்களுக்குத் தெரிவிக்காததற்குக் காரணம் என்ன?’ என்று கேளுங்கள். நிறுவனமும் முகவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுப் பதில் எழுதினால், இரண்டு கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஆணையத்தில் அவை இணைப்பு ஆவணங்கள் ஆகும்.